சுங்கம் தவிர்த்த நாடும் குண்டு வகுத்த எல்லையும்

எல்லை கடந்து செல்லும் பாதைகளை அமைத்தால் பொருள் பெருகும், தொழில் வளரும், வட்டாரம் வாழ்வு பெறும் என்று இன்று எங்கும் பேசுகிறார்கள். 'பொருளாதார வழித்தடம்' என்று அதற்கொரு பெயரும் சூட்டியிருக்கிறார்கள். பெயர் புதிது, செய்தி பழையது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 45 கிலோமீட்டர்தான். அந்தச் சிறு நிலப்பரப்பில் ஓராயிரம் ஆண்டுப் பாதை வரலாறு புதைந்து கிடக்கிறது. பாதை வந்தபோதெல்லாம் பொருளும் வந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பொருள் யார் வீட்டு வாயிலுக்குச் சென்றது? இந்தக் கேள்வியைக் கையில் ஏந்திக்கொண்டு வரலாற்றுக்குள் நுழைவோம், வாருங்கள்.

தில்லைக்குச் செல்வோர் சிலையைக் காண்கின்றனர், கல்வெட்டைக் காண்பதில்லை. காம்போச நாட்டு மன்னன், அதாவது இன்றைய கம்போடியாவின் அரசன், சோழ மன்னனுக்குக் காட்டிய கல்லொன்று அக்கோயிலின் கல்வரிசையில் வைக்கப்பட்ட செய்தியை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. காலம் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மன்னன் முதற் குலோத்துங்கன். கடலுக்கு அப்பாலிருந்த அரசன் கல்லனுப்பி நட்பை நாடினான் என்றால், இடையே கலங்கள் ஓடின என்பதுதானே பொருள்? அதே மன்னன் காலத்தில், 1077இல், சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனம் சென்றது. தந்தமும் கற்பூரமும் கொண்டு சென்ற அக்குழு, 81,800 சரம் செப்புக்காசுகளோடு திரும்பியது. தூது என்பது பெயர். வாணிகம் என்பது உண்மை.

அந்த மன்னனை வரலாறு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று அழைக்கிறது. பண்டம் செல்லும் வழியில் குறுக்கே நின்ற வரியை நீக்கியதால் வந்த பெயர் அது. முடியரசைப் புகழ்வதற்காக இதைக் கூறவில்லை. அந்நாளிலும் உழுதவன் உழுதுகொண்டுதான் இருந்தான். வரி தவிர்ந்ததால் வணிகக் குழுவினர் கண்ட இலாபத்தில் அவனுக்கு எவ்வளவு கிடைத்தது என்று எந்தக் கல்லும் கூறவில்லை. ஆயினும் ஓர் உண்மை அந்தப் பெயருக்குள் இருக்கிறது. வழியைத் திறப்பது மட்டும் போதாது. வழிமறிக்கும் கையையும் எடுக்க வேண்டும் என்பதே அது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கடலில் பயணம் செய்தவன் சாதியை இழப்பான் என்று போதாயன தருமசூத்திரம் எழுதிவைத்தது. அந்த ஏட்டைக் கேட்டிருந்தால் கடாரம் ஏது, காம்போசம் ஏது, சீனம் ஏது? ஏடு தடுத்தது, மக்கள் கடந்தார்கள். வாழ்ந்தது ஏடு அன்று, கடந்தவர்களின் தொழில்!

காலம் உருண்டது. வெள்ளையர் வந்தனர். கெடிலம் கடலோடு கலக்கும் இடத்தருகே, தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை 1690இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? அங்கேதான் வேடிக்கை! பீரங்கியிலிருந்து சுடும் குண்டு எவ்வளவு தொலைவு சென்று விழுகிறதோ, அவ்வளவு தொலைவும் கம்பெனிக்கு. சுட்டார்கள், குண்டு விழுந்தது, எல்லை பிறந்தது. அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரும் குண்டுசாலை என்ற தெருப்பெயரும் இன்றும் கடலூரில் வாழ்கின்றன.

எல்லை என்பது ஆண்டவன் கிழித்த கோடு என்று கருதுவோர் கடலூருக்கு வந்து பார்க்கட்டும். ஒரு பிடி வெடிமருந்து கூடியிருந்தால் இன்னோர் ஊர் அந்நியனுடையது. குறைந்திருந்தால் ஓர் ஊர் தப்பியது. காலையில் ஒரு நாட்டில் கண்விழித்த உழவன், மாலையில் வேறொரு நாட்டில் உறங்கினான். அவனை யாரும் கேட்கவில்லை.

குண்டு வகுத்த எல்லைக்குள் கம்பெனி தேடியது துணி. சோழமண்டலக் கரையின் துணிக்குத் தென்கிழக்காசியத் தீவுகளில் நெடுங்காலமாகவே தேவை இருந்தது. துணியைக் கொடுத்து மிளகும் நறுமணப் பொருளும் வாங்குவது வழக்கம். அந்தப் பாதை மேலை நாட்டுச் சந்தைவரை நீண்டது. நெசவாளியின் வாழ்வும் நீண்டதா? இல்லை. முன்பணம் கொடுத்தவன் விலையை வகுத்தான். முன்பணம் வாங்கியவன் தறியோடு கட்டுண்டான். பின்னர் இலங்காசயர் ஆலைத்துணி அதே கடல்வழியே திரும்பி வந்து, தறியையே வாயடைத்தது. பாதை இருபுறமும் ஓடும். ஆனால் கடிவாளம் ஒருவன் கையில்தான் இருந்தது.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பரங்கிப்பேட்டை. 1830ஆம் ஆண்டளவில் ஈத் என்ற ஆங்கிலேயர் அங்கே இரும்பாலை அமைத்தார். சேலத்து இரும்புத்தாதை உருக்கி, கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். உருக்குவதற்கு மரக்கரி வேண்டும். கரிக்குக் காடு வேண்டும். காடு குறைந்தது, செலவு ஏறியது, 1860களில் ஆலை மூடப்பட்டது. துறைமுகம் இருந்தது, தாது இருந்தது, உழைப்பு இருந்தது. ஆனால் ஊரின் நலம் கணக்கேட்டில் இல்லை. ஆலை போன பின் ஊருக்கு எஞ்சியது அதன் நினைவு மட்டுமே.

அடுத்து இரயில் வந்தது. 1870களின் இறுதியில் கடலூரையும் சிதம்பரத்தையும் தஞ்சையோடு இருப்புப்பாதை இணைத்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 22 மைல் கடலைக் கப்பல் கடந்தது. சென்னையில் சீட்டு வாங்கியவன் கொழும்பில் இறங்கலாம் என்ற நிலை பிறந்தது. எல்லை கடந்த போக்குவரத்துக்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா? ஆனால் அந்தப் பாதையில் சென்றவர்களுள் பெருந்தொகையினர் யார்? தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகச் சென்ற தமிழர்கள். அவர்கள் உழைப்பு இலங்கையை வளர்த்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இன் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்கிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இயற்கை ஒரு துறைமுகத்தை அழித்தது. சட்டமோ ஒரு மக்கள் கூட்டத்தின் உரிமையையே அழித்தது.

அந்த இரயில் நிலையங்களிலும் சாதி தனியே இலை போட்டு உண்டது! பார்ப்பனருக்கு ஓர் உண்ணுமிடம், மற்றவர்க்கு வேறிடம். சுயமரியாதை இயக்கத்தின் இடைவிடாத கிளர்ச்சிக்குப் பின் 1941இல்தான் அந்தப் பிரிவினை ஒழிந்தது. நாட்டெல்லையைக் கடக்க வந்த வண்டி, சாதியெல்லையைக் கடக்க எத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன, பாருங்கள்!

கடலூருக்கு வடக்கே இன்னோர் எல்லை இருந்தது. பிரெஞ்சுப் புதுவையின் பாகூர்ப் பகுதி கடலூர்ப் பகுதியோடு பின்னிக் கிடந்தது. 1949இல் சுங்க உடன்பாடு முறிந்தது. மொழியும் உறவும் ஒன்றாயிருந்த ஊர்களுக்கிடையே சுங்கக் காவல் நின்றது. 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறிய பின்னரே அத்தடை அகன்றது. மக்கள் நகரவில்லை, நிலம் நகரவில்லை, கோடு மட்டும் மறைந்தது.

இன்றோ, விழுப்புரத்திலிருந்து புதுவை, கடலூர், சிதம்பரம் வழியே நாகைக்கு நான்குவழி நெடுஞ்சாலை. நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14இல் பயணியர் கப்பல் புறப்பட்டது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. அறுந்த பாதை மீண்டும் முளைக்கிறது. வரவேற்போம்! ஆனால் சுங்கம் தவிர்த்தவன் ஆண்ட சிதம்பரத்தை அடுத்த கொத்தட்டையில், 2024 டிசம்பரில் சுங்கச்சாவடி திறந்தபோது, வண்டியுடையோர் ஏன் எதிர்த்துக் குரல் கொடுத்தனர்? நிலத்தைக் கொடுத்தவன் நடந்து செல்கிறான்; பாதையில் போகிறவன் பணம் கொடுக்கிறான்; கணக்கு எங்கோ எழுதப்படுகிறது என்ற ஐயம் எழுந்தால் அது பிழையா?

பாதை வேண்டா என்பதல்ல நம் கூற்று. பாதையை மறுப்பவன் கிணற்றுத் தவளை. துறைமுகமும் நெடுஞ்சாலையும் கப்பலும் வரட்டும். அவை வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள், தோழர்களே! வழிமறிக்கும் வாயில் யார் கையில்? வழியோரத்து மக்களுக்கு அதில் தொழிலும் பங்கும் உண்டா? அப்பாதையில் செல்லும் உழைப்பாளிக்கு, சேருமிடத்தில் மனிதனுக்குரிய உரிமை உண்டா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் அது வளர்ச்சிப் பாதை. கிடைக்காவிட்டால், தாரும் கல்லும் கொட்டி அமைத்த இன்னொரு குண்டுசாலைதான் அது!