அன்னா ஓ.: ஒரு முடிவின் வரலாறு

உளப்பகுப்பாய்வு தன் வரலாற்றை ஒரு பெண்ணிலிருந்து தொடங்கிக்கொள்கிறது. வியன்னா மருத்துவர் ஜோஸப் ப்ராயரும் ஃப்ராய்டும் சேர்ந்து 1895-இல் வெளியிட்ட ஹிஸ்டீரியா பற்றிய நூலில் வரும் முதல் நோயாளி, அன்னா ஓ.

நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த 21 வயதுப் பெண். கை மரத்தது, பார்வை பிசகியது, தாய்மொழியான ஜெர்மன் போய் ஆங்கிலம் மட்டும் மிஞ்சியது. 1880 டிசம்பரிலிருந்து 1882 ஜூன் வரை ப்ராயர் வைத்தியம் பார்த்தார். ஒரு கோடையில் அவளால் ஆறு வாரம் தண்ணீர் குடிக்க முடியவில்லை. பழங்களால் தாகம் தீர்த்துக்கொண்டாள். தன் ஆங்கிலேயத் தோழியின் நாய் ஒரு டம்ளரில் வாய்வைத்துக் குடித்ததைக் கண்டும், மரியாதை கருதிப் பேசாதிருந்ததை ஒருநாள் வசிய நிலையில் சொன்னாள். சொல்லி முடித்ததும் தண்ணீர் கேட்டுக் குடித்தாள். அடையாளம் தோன்றிய கணத்தைச் சொல்லிவிட்டால் அடையாளம் மறையும் என்ற கருத்து இங்கே பிறக்கிறது. 'பேச்சு வைத்தியம்' என்ற பெயரும் அவள் வைத்ததே.

சமநிலை முழுதாகத் திரும்ப நெடுங்காலமாயிற்று, பிறகு பூரண ஆரோக்கியம் என்று ப்ராயர் முடிக்கிறார். தன் நோயாளி வரலாறுகள் சிறுகதைகளைப் போல இருப்பதாக அதே நூலில் ஃப்ராய்ட் சங்கடப்படுகிறார். சங்கடம் நியாயமானதுதான். கதைக்கு ஒரு முடிவு வேண்டும்; கோட்பாட்டுக்கு அதைவிட அதிகமாக வேண்டும்.

1953-இல், ஃப்ராய்டின் வாழ்க்கை வரலாற்றில், எர்னஸ்ட் ஜோன்ஸ் அவளுடைய நிஜப்பெயரை வெளியிட்டார்: பெர்த்தா பாப்பன்ஹைம். பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் ரோமன் அரிச்சுவடியில் ஓரெழுத்து பின்தள்ளியதுதான் அன்னா ஓ. அவர் இறந்து அப்போது 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பெயர் கிடைத்ததும் தேடுவது சாத்தியமாயிற்று. குதிரைச் சவாரி உடையில் பெர்த்தா நிற்கும் புகைப்படம் ஒன்று, 1882 என்ற தேதியோடு, வரலாற்றாசிரியர் ஆன்ரி எல்லன்பெர்ஜரிடம் இருந்தது. மங்கிப்போன ஸ்டூடியோ முத்திரையை மான்ட்ரியல் போலீஸ் ஆய்வுக்கூடம் படித்துக் கொடுத்தது: கான்ஸ்டன்ஸ். பக்கத்திலேயே, எல்லைக்கு அப்பால், ஸ்விட்ஸர்லாந்தின் க்ராய்ட்ஸ்லிங்கனில் பெல்வ்யூ மனநல விடுதி. அதன் ஆவணங்களில் ப்ராயரே எழுதிய அறிக்கையின் நகல் இருந்தது. குணமானதாகச் சொல்லப்பட்ட பெண் 1882 ஜூலையில் அங்கே சேர்க்கப்பட்டிருக்கிறார். முகநரம்பு வலி, அதற்குக் கொடுத்த மார்ஃபின், மார்ஃபினுக்கு அடிமைத்தனம். எல்லன்பெர்ஜர் இதை 1972-இல் வெளியிட்டார். 1887 வரை அவர் மேலும் மூன்று முறை விடுதி வாசம் செய்தது பின்னர் தெரியவந்தது.

பெர்த்தா ஃப்ராங்ஃபர்ட் போனார். 1899-இல் மேரி உல்ஸ்டன்கிராஃப்டை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். 1904-இல் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார். 1907-இல் ஆதரவற்ற பெண்களுக்கும் மணமாகாத தாய்மார்களுக்கும் ஓர் இல்லம். 1954-இல் மேற்கு ஜெர்மனி அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. பேச்சு வைத்தியத்துக்குப் பெயர் வைத்தவர் அந்த வைத்தியத்தைப் பற்றி எதுவும் எழுதி வைக்கவில்லை.

புனைபெயர் நோயாளியைக் காப்பதற்காக. அது மருத்துவரின் கடைசி வாக்கியத்தையும் சேர்த்துக் காத்தது. 1895-இல் படித்தவன் எங்கே போய் விசாரிப்பான்? உண்மை தெரிய, அவர் கேட்டுக்கொள்ளாத ஒரு அம்பலம் தேவைப்பட்டது. இந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை. டம்ளர் தண்ணீரின் கதை பொய்யென்று நான் சொல்லவில்லை. அது ஒரு கேள்வியை எழுப்பப் போதுமானது. பதிலாக நிற்கப் போதாது. பெயரை மாற்றிப் பிறர் வாழ்க்கையை எழுதுகிற நாமும் கடைசி வரியை எழுதுமுன் கொஞ்சம் தயங்கலாம்.