பின்னறைச் சரித்திரம்

டில்லிக்குக் கணிப்பொறி வந்த கதையைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் கண்ணாடிச் சுவருக்கு உள்ளே நின்ற யந்திரத்தைப் பற்றியும் அதைத் திறந்து வைக்க வந்த பிரமுகரைப் பற்றியுமே சொல்லுகிறார்கள். அந்தச் சுவருக்கு அப்பால், இரைச்சலின் காரணமாகவே ஒதுக்குப்புறமாகக் கட்டப்பட்ட அறையில், யந்திரத்துக்கு ஏற்ற மின்சாரத்தைத் தயாரித்துக்கொண்டிருந்த மோட்டார்களையும் பாட்டரிகளையும் பற்றிப் பேசுவார் இல்லை. யந்திரத்தை விலை கொடுத்து அயல்நாட்டிலிருந்து தருவிக்க முடிந்தது. மின்சாரத்தை மட்டும் ஊரில் கிடைத்ததைக் கொண்டே சரிக்கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆகையால் ராஜதானியின் கணிப்பொறிச் சரித்திரத்தைப் பின்னறையிலிருந்து படிப்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

ஊரில் கிடைத்த மின்சாரம் டீசலில் பிறந்தது. 1903-ஆம் வருஷத்து இந்திய மின்சாரச் சட்டத்தின்படி ஜான் ஃப்ளெமிங் என்ற ஆங்கிலேயக் கம்பெனி 1905-இல் அனுமதி பெற்றுப் பழைய டில்லியில் லாஹோரி கேட் அருகே ஒரு சிறிய நிலையத்தை நடத்தியது. அதன் பிறகு நிர்வாகங்கள் மாறின: 1951-இல் மின்சார வாரியம், மாநகராட்சிச் சட்டத்தை ஒட்டி டெஸு என்ற டில்லி மின்சார வழங்கல் நிறுவனம், 1997-இல் வித்யுத் போர்டு, 2002 ஜூலையில் தனியார் கம்பெனிகள். இவற்றுள் கோடைக்கால இரவுகளின் வியர்வையோடு சேர்த்து ஜனங்கள் இன்றும் நினைவு வைத்திருக்கும் பெயர் டெஸுதான். கரோல் பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குடியிருந்த தமிழர்கள் அதைச் சொன்ன தொனியில் சொல்ல இங்கே இடமில்லை.

அந்த டெஸுவின் கம்பியை நம்பித்தான் கணிப்பொறிகள் வந்திறங்கின. 1960-களின் பிற்பகுதியில் டில்லி சர்வகலாசாலைக்கு ஐ.பி.எம். 360/44, 1976-இல் என். சேஷகிரியின் முயற்சியால் உருவான தேசியத் தகவலியல் மையத்துக்கு ஸைபர். 1985 நவம்பரில் புது டில்லி ரயில்வே முன்பதிவுக்கு ஸி.எம்.ஸி. கம்பெனி அமைத்த ஏற்பாடு. கடைசியாகச் சொன்னதில் ஒரு விசேஷம் உண்டு. சர்வகலாசாலையின் கணக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கலாம், ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போக வரிசையில் நிற்கிற குடும்பம் காத்திராது. மின்சாரம் அற்றுப் போவது ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவருக்கும் தெரியத் தொடங்கியது அப்போதுதான்.

ஆனால் பின்னறையின் மகிமையை முழுதாகக் காட்டியது, 1989-இல் லோதி சாலையிலுள்ள மௌஸம் பவனில், நடுத்தர கால வானிலை முன்னறிவிப்புக்கான தேசிய மையத்தின் பொருட்டு நிறுவப்பட்ட கிரே எக்ஸ்-எம்.பி. 14 என்ற கணிப்பொறி. இந்தியா விரும்பியது இரண்டு செயலிகள் உள்ள 24. வானிலை ஆராய்ச்சிக்கு அன்றி வேறெதற்கும் உபயோகிக்கலாகாது என்ற நிபந்தனையோடு அமெரிக்கா தந்தது ஒரே செயலி உள்ள 14. இந்த ராஜதந்திரக் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, நம் நாட்டுக் கம்பியில் விநாடிக்கு 50 சுற்றாக வரும் மின்சாரத்தை அந்த யந்திரம் நேரே ஏற்றுக்கொள்ளாது என்பதுதான். அதற்கு வேண்டியது 400 சுற்று. சுற்று மிகுந்தால் டிரான்ஸ்ஃபார்மரில் இரும்பு குறையும், நேர் மின்னோட்டமாக மாற்றும்போது எஞ்சுகிற அலையைச் சமன் செய்வதும் சுலபம். ஆகாய விமானங்களிலும் 400 சுற்று வழங்குவதற்கு ஏறக்குறைய இதே காரணம். ஸைபரும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே.

ஆகவே நகரத்து மின்சாரத்தில் ஓடும் ஒரு மோட்டார், தன்னோடு பூட்டிய ஜெனரேட்டரைச் சுழற்ற, அந்த ஜெனரேட்டர் 400 சுற்று மின்சாரத்தை உற்பத்தி செய்து யந்திரத்துக்கு அனுப்பியது. இரண்டுக்கும் நடுவே மின்கம்பித் தொடர்பு கிடையாது; சுழலும் இரும்பு ஒன்றே தொடர்பு. பக்கத்து லிஃப்ட் கிளம்பும்போது ஏற்படும் தாழ்வும், இடிமழையில் கம்பி வழியே வரும் திடீர் வீச்சும் அந்த இரும்பின் கனத்தில் அமிழ்ந்துபோகும். குயவன் கையை எடுத்த பிறகும் சக்கரம் சுற்றுவது போல, கண் இமைக்கும் நேரம் மின்சாரம் நின்றாலும் ஜெனரேட்டர் நிற்பதில்லை. எனினும் இரும்பாலும் மறைக்க முடியாத குறை ஒன்று இருந்தது. தேவை மிகுந்த நேரங்களில் வட இந்திய மின்தொகுப்பின் சுற்று 49-க்கும் கீழே இறங்குவது அந்நாளில் சாதாரணம். 50 என்பது 48.5 ஆனால், அதனோடு இசைந்து ஓடும் மோட்டாரின் வேகமும் நூற்றுக்கு மூன்று குறைய, 400 என்பது 388 ஆகிவிடும். மாலையில் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் எத்தனை பேர் எதைப் போட்டார்கள் என்பதை லோதி சாலையின் சுழலி இவ்விதம் பிரதிபலித்தது. 2002 டிசம்பரில், அட்டவணையை மீறி மின்சாரம் எடுப்பவர் சுற்றின் தாழ்வுக்கு ஏற்ப விலை கொடுக்க வேண்டும் என்ற கட்டண முறை வடக்கே அமலானபின்தான் இந்தத் தள்ளாட்டம் அடங்கியது. ஒழுங்கீனத்துக்கு விலை குறித்தது, எத்தனையோ சுற்றறிக்கைகள் சாதிக்காததைச் சாதித்தது.

அதற்குள் பின்னறையின் வடிவமும் மாறிவிட்டது. சாதாரண 50 சுற்றிலேயே ஓடும் சர்வர்கள் வந்தன. சுழலும் இரும்பின் ஸ்தானத்தை யூ.பி.எஸ். பிடித்துக்கொண்டது. வரும் மின்சாரத்தை நேர் மின்னோட்டமாக்கி, பாட்டரிக்கு ஊட்டி, மறுபடியும் மாறு மின்னோட்டமாக்கித் தரும் இது, சில விநாடிகளில் கிளம்பிவிடும் டீசல் ஜெனரேட்டர் சுமையை ஏற்கும் வரையில் தாங்கினால் போதும் என்பது பொது விதி. டில்லியின் மே மாதம் இந்த விதியைப் பரிகாசம் செய்தது. குளிர்சாதனம் வழக்கமாக யூ.பி.எஸ்.ஸில் இணைக்கப்படுவதில்லை, ஆகவே ஜெனரேட்டர் தாமதித்தால், பாட்டரியில் சக்தி இருக்கும்போதே சர்வர்கள் உஷ்ணத்தால் நின்றுபோகும். ஈய பாட்டரியின் ஆயுளோ, 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறையப் பாதியாகக் குறைவது. வெயிலில் மண் வறண்டால், மின்கசிவை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியும் சரிவர வேலை செய்யாது. கரியும் உப்பும் இட்ட அந்தக் குழியில் தண்ணீர் ஊற்றுவது எந்தக் கையேட்டிலும் பெருமையாக எழுதப்படாத, ஆனால் தவறவொண்ணாத கைங்கரியம்.

2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு, பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் தடம் அளவுக்கு மிஞ்சிய சுமையால் அறுபட, வட இந்தியா இருண்டது. மறுநாள் பகல் ஒரு மணிக்குக் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்தே விழுந்தன. மெட்ரோ ரயில்கள் நின்றன. டீசல் சேமித்து வைத்திருந்த சர்வர் அறைகளுக்கு, 1905-இல் லாஹோரி கேட்டில் இருந்ததைவிட வேறு கதி இல்லை.

அந்த டீசலுக்கும் இப்போது இடையூறு வந்திருக்கிறது. பனிக்காலப் புகைமூட்டத்தை முன்னிட்டு 2017 முதல் டில்லியில் ஜெனரேட்டர்களுக்குத் தடைகள் விதிக்கப்பட்டன. 2023 அக்டோபரிலிருந்து, இயற்கை வாயுவையும் எரிக்கும்படி மாற்றாத, அல்லது புகை குறைக்கும் சாதனம் பொருத்தாத பெரிய ஜெனரேட்டர்களை ராஜதானிப் பிரதேசம் முழுவதிலுமே இயக்க முடியாது. ஆகவே புதிய டேட்டா சென்டர்கள் இரண்டு தனித்தனி மின்வழிகளைத் தேடுகின்றன. உத்தரப் பிரதேசம் 2021-இல் வெளியிட்ட கொள்கையில் அத்தகைய இரட்டை வழியையே சலுகையாக அறிவித்தது. வானிலை மையமும் யமுனையைத் தாண்டி நொய்டாவுக்குப் போய் வெகு நாளாயிற்று. 2024 செப்டம்பரில் அங்கே இயங்கத் தொடங்கிய அருணிகா என்ற கணிப்பொறி, உத்தரப் பிரதேசத்தின் கம்பியில் வரும் 50 சுற்று மின்சாரத்தை உண்டு வாழ்கிறது.