ஓய்தல் முதல் பலவீனம் வரை: தளர்ச்சிச் சொற்களின் வரலாறும் கொங்கு வழக்கும்

ஆங்கில 'வீக்' என்ற சொல்லுக்கு நம் அகராதிகள் பலவீனமான, வலுவற்ற, மெலிந்த, நலிந்த, தளர்ந்த என்று பொருள்களை அடுக்குகின்றன. எதை எடுத்து எங்கே வைத்தாலும் தகும் என்று படிக்கிற மாணவர் எண்ணிக்கொள்கிறார். கொங்கு நாட்டுப் பேச்சில் அப்படி யாரும் மாற்றி வைப்பதில்லை. பொழுதுக்கும் காட்டில் களை வெட்டி வந்தவர் 'ஓஞ்சு போயிட்டேன்' என்கிறார். காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை 'எளைச்சுப் போச்சு'. அடுத்த குழந்தை வயிற்றில் தங்கியதால் தாய்ப்பால் நின்றுபோன பிள்ளை 'சவலை'. எப்போதும் ஒட்டி உலர்ந்த உடம்புக்காரன் 'நோஞ்சான்'. தளர்ச்சி என்ற ஒன்றை இச்சொற்கள் அதன் காரணத்தாலும் காலத்தாலும் பிரித்துக் காட்டுகின்றன. இந்தப் பிரிப்பு எங்கிருந்து வந்தது, எழுத்துத் தமிழில் எப்படி மங்கியது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

தொடக்கம் தொல்காப்பிய உரியியல். ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய் என்னும் நான்கு சொற்களையும் ஒரே நூற்பாவில் சேர்த்து, அவை உள்ளதன் நுணுக்கத்தைக் குறிக்கும் என்கிறார் தொல்காப்பியர். முன்பு இருந்த அளவிலிருந்து ஒரு பொருள் குறைந்து நுணுகுவது என்று உரையாசிரியர்கள் விளக்குவர். தமிழில் தளர்ச்சி பற்றிய ஒருபொருட் பன்மொழித் தொகுப்பு என்று சொல்லத்தக்கவற்றுள் நமக்குக் கிடைக்கும் மிகப் பழையது இதுவே எனலாம். இதில் கவனிக்க வேண்டியது 'உள்ளதன்' என்ற கருத்து. இருந்த வலிமை தேய்கிறது. ஆகவே தளர்ச்சி என்பது ஒரு நிகழ்வு. நான்கும் வினை வழிப்பட்ட சொற்கள். அவற்றுள் ஆய்தலும் நிழத்தலும் இப்பொருளில் வழக்கிழந்தன. ஓய்தலோ 'ஓஞ்சு' என்று கொங்கு நாட்டார் வாயில் அன்றாடம் புழங்குகிறது.

அடுத்த திருப்பம் கொங்கு நாட்டோடு நேரடித் தொடர்புடையது. நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் ஊரான சனகாபுரம், ஈரோடு மாவட்டம் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே என்பது இவ்வட்டார மரபு. சிற்றரசன் சீயகங்கனின் வேண்டுகோளால், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி நூல் எழுந்தது. உரியியலில் பவணந்தி உயிர்களின் குணங்களை அறிவில் தொடங்கி மறவி ஈறாக 32 என்று எண்ணுகிறார். அவற்றுள் எளிமைக்கு அடுத்து நிற்பது எய்த்தல். எய்த்தல் என்றால் இளைத்தல், தளர்தல். அறிவையும் அருளையும் ஊக்கத்தையும் சொன்ன அதே பட்டியலில் தளர்தலையும் உயிரின் இயல்பாக வைத்தாரே தவிர, குறைகளுக்கென்று தனிப் பட்டியல் போட்டு அதில் தள்ளவில்லை. சமண முனிவர் ஒருவரின் இந்த நடுநிலை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதே இயலில் இன்னொரு முடிவையும் எடுத்தார். தொல்காப்பியரைப் போல உரிச்சொற்களை விரித்துக் கூறாமல், எஞ்சியவற்றைப் பிங்கலம் முதலிய நூல்களில் கண்டுகொள்க என்று விட்டார். ஒருபொருட் பன்மொழியைத் தொகுக்கும் பொறுப்பு இலக்கணத்திலிருந்து நிகண்டுக்கு மாறியதை ஓர் இலக்கண ஆசிரியரே ஒப்புக்கொண்ட இடம் இது. நிகண்டுகளில் சேந்தன் திவாகரம் பண்பு பற்றிய பெயர்களை ஒரு தொகுதியாகவும் செயல் பற்றிய பெயர்களை வேறொரு தொகுதியாகவும் வகுத்தது. சொல்லின் இயல்பு அங்கே ஓரளவு காக்கப்பட்டது. 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி அகர வரிசையைக் கொண்டுவந்தபின் தேடுவது எளிதாயிற்று. ஆனால் பொருளால் உறவுடைய சொற்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. பின்னர் பப்ரீசியசும் (1779) வின்சுலோவும் (1862) தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலப் பொருள் எழுதியபோது ஓய்தலும் எய்த்தலும் நொய்ம்மையும் ஏறத்தாழ அதே இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களின் கீழ் வந்து சேர்ந்தன. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இலக்கிய மேற்கோள்கள் தந்து இதை ஓரளவு சரிசெய்தது.

இதற்கிடையே எழுத்து நடையில் முதலிடம் பிடித்தது பலவீனம். வடமொழிப் 'பலஹீனம்' தமிழில் பலகீனம் என்றும் பலவீனம் என்றும் ஆனது. பேச்சில் வரும் பலகீனம்தான் மூலத்துக்கு நெருக்கமானது. அதைக் கொச்சை என்று ஆசிரியர்கள் திருத்துவது தேவையற்றது. புரொட்டஸ்டன்ட் சபைகளின் பழைய திருப்புதல் விவிலியமும், பின்னாளில் மருந்து விளம்பரங்களும் இச்சொல்லைப் பரப்பின. 1916இல் தோன்றிய தனித்தமிழ் இயக்கத்தின் வழி வலுவின்மை, வலிமையின்மை போன்றவை செல்வாக்குப் பெற்றன. வேர் மாறியது, கட்டமைப்பு மாறவில்லை: ஹீனமும் இன்மையும் இல்லாததையே சொல்கின்றன. இருந்தது தேய்ந்தது என்ற பழைய பார்வை போய், இவரிடம் இது இல்லை என்ற பார்வை நிலைத்தது. பேச்சிலும் 'தெம்பில்லை', 'சத்தில்லை' உண்டே என்று கேட்கலாம். அவை பெரும்பாலும் இன்றைய நிலையைச் சொல்பவை. கஞ்சி குடித்தால் தெம்பு வரும். 'பலவீனமானவர்' என்பதோ ஆளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. 'கணக்குல வீக்' என்று பள்ளியில் பெயர் வாங்கிய பிள்ளைக்கும் இதே கதிதான்.

கோவையின் தொழில் வரலாறு இன்னொரு சொல்லுக்குப் புதிய வாழ்வு தந்தது. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு முழுவதும் 103 நலிந்த பஞ்சாலைகள் நாட்டுடைமையாகி, தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கீழ் வந்தன. கோவையின் பங்கஜா, முருகன், கம்போடியா ஆலைகள் அக்கழகத்தில் இயங்கியவை. ஆங்கிலச் சட்டம் 'நோயுற்ற' என்றதைத் தமிழ் நாளேடுகள் 'நலிந்த' என்று எழுதின. மெலிவும் வருத்தமும் சேர்ந்த பழைய உடற்சொல் இப்படித் தொழிலுக்குப் பொருந்தியது. ஓடிய ஆலைதான் நலியும். ஆகவே தேய்வைக் குறிக்கும் சொல்லாக அது பிழையில்லாமல் அமைந்தது. இன்று 'நலிந்த பிரிவினர்' என்ற அரசுத் தொடரிலும் அதே சொல் நிற்கிறது. நலியச் செய்தது எது என்று கேட்க அதில் இடமுண்டு. 'பலவீனமான பிரிவினர்' என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்விக்கே வழியிருந்திராது.

வட்டார வழக்கைக் கொச்சை என ஒதுக்கிய காலத்தில், ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) கொங்குப் பேச்சை நாவலில் ஏற்றியது. பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' (2000) அதை அகராதிப் பொருளாக்கியது. அடுத்துச் செய்ய வேண்டியது பொருள்வாரித் தொகுப்பு. உடல், பயிர், கால்நடை, நூல் ஆகியவற்றின் தளர்ச்சிக்குக் கொங்கு மக்கள் சொல்லும் சொற்களை, எந்தக் காரணத்தால் வந்த தளர்ச்சிக்கு எந்தச் சொல் என்ற குறிப்போடு திரட்ட வேண்டும். கோவை, ஈரோடு, திருப்பூர்க் கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் இதை மாணவர் களப்பணியாக இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். தறிக்காரர்களிடமும் ஆடு மேய்ப்பவர்களிடமும் பேறுகாலம் பார்த்த மூத்த பெண்களிடமும் முதலில் போய்க் கேளுங்கள்.