விழா முடிந்த பிறகு தொடங்கிய படங்கள்

1952 ஜனவரி 24 அன்று பம்பாயில் தொடங்கியது இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா. மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் ஏற்று நடத்தியது. 23 நாடுகள் கலந்துகொண்டன. சுமார் 40 முழுநீளப் படங்களும் 100 குறும்படங்களும் திரையிடப்பட்டன. பம்பாயோடு நில்லாமல் சென்னை, டெல்லி, கல்கத்தா என்று படப்பெட்டிகள் ஊர் ஊராகப் போயின. அதுவரை நம் கொட்டகைகளில் வெளிநாட்டுப் படம் என்றால் பெரும்பாலும் ஹாலிவுட்; மிஞ்சினால் இங்கிலாந்து.

விழா மலர்களில் வழக்கமாக வருவது பட்டியல்: எந்த நாடு, எந்த இயக்குநர், எந்தப் பரிசு. அந்தப் பட்டியல் எனக்குப் பெரிதாகப் படவில்லை. வந்த படங்களை யார் எடுத்துக்கொண்டார்கள், எடுத்ததில் எதை வைத்துக்கொண்டு எதைத் தள்ளினார்கள் என்பதில்தான் 1952 விழாவின் கதை இருக்கிறது. அந்தக் கணக்குக்கு எனக்குப் பிடித்த இரண்டு படங்களே போதும்.

முதலாவது விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948). போர் முடிந்த ரோம் நகரில், வேலையில்லாத அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சொந்த சைக்கிள் இருந்தால்தான் வேலை, சைக்கிளோ அடகில். அவன் மனைவி மரியா யோசிக்கவே இல்லை. கட்டில் விரிப்புகளை உருவி மூட்டை கட்டிக்கொண்டு அடகுக்கடைக்கு நடக்கிறாள். அந்த மூட்டையை வாங்கிய கடைச் சிப்பந்தி உள்ளே கொண்டுபோகிறான். தரையிலிருந்து கூரைவரை அடுக்கடுக்காகத் துணி மூட்டைகள். அவன் ஏணிபோல் அடுக்கில் கால் வைத்து ஏறுகிறான், ஏறிக்கொண்டே இருக்கிறான். வசனம் ஒன்றும் கிடையாது. ரோமில் எத்தனை குடும்பங்கள் விரிப்பில்லாமல் படுக்கின்றன என்பது அந்த ஏற்றத்திலேயே தெரிந்துவிடுகிறது. மார்வாடிக் கடைப் படி ஏறி இறங்கிய நம்மவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சைக்கிள் திருடுபோகும் நேரத்தில் அந்தோனியோ ஒட்டிக்கொண்டிருப்பது ரீட்டா ஹேவொர்த்தின் 'கில்டா' பட விளம்பரம். பழைய சினிமாவைப் பார்த்து டி சிகா சிரிக்கிற சிரிப்பு அது என்றே எனக்குத் தோன்றுகிறது. நாயகனாக நடித்த லம்பேர்த்தோ மஜ்ஜோரானி, நடிகரே அல்ல, ஆலைத் தொழிலாளி.

பம்பாயில் இந்த இத்தாலியப் படங்கள் உலுக்கியவர்களில் ஒருவர் பிமல் ராய். அடுத்த ஆண்டே 'தோ பீகா ஜமீன்' (1953) வந்தது. ஜமீன்தாரிடம் சிக்கிய இரண்டு பீகா நிலத்தை மீட்க, மகனோடு கல்கத்தா போய்க் கைரிக்‌ஷா இழுக்கிறான் விவசாயி சம்பு. பல்ராஜ் சாஹ்னி நகரத் தெருக்களில் உண்மையாகவே ரிக்‌ஷா இழுத்துப் பழகித்தான் நடித்தார். இன்னும் வேகமாக, இன்னும் வேகமாக என்று சவாரிக்காரர் காசை ஏற்ற ஏற்ற அவன் ஓடுவதும், சக்கரம் கழன்று ரிக்‌ஷா கவிழ்வதும் டி சிகாவே பொறாமைப்படக்கூடிய காட்சி. ஆனால் பிமல் ராய் பாட்டை விடவில்லை. சலில் சௌத்ரியின் மெட்டுகள் படம் நெடுகக் கேட்கின்றன. இதைக் குறையாகச் சொல்லும் விமரிசகர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பம்பாய் இத்தாலியிடமிருந்து தெருவை வாங்கிக்கொண்டது, பாட்டு தன்னிடமே இருந்தது, அவ்வளவுதான். 1954இல் கான் விழாவில் படம் பரிசு பெற்றது.

இங்கே ஒரு சிறு திருத்தம். சத்யஜித் ராயும் இந்த விழாவில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்துத்தான் 'பதேர் பாஞ்சாலி' எடுத்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். அவர் அதைப் பார்த்தது 1950இல், லண்டனில். கல்கத்தாவில் அவரை ஆட்டிவைத்தது வேறொரு படம். தொடர்ந்து மூன்று நாள் போய்ப் பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். அது அகிரா குரோசவாவின் 'ராஷோமான்'.

  

'ராஷோமான்' 1951இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வென்ற சூட்டோடு இங்கே வந்தது. காட்டில் ஒரு சாமுராய் செத்துக் கிடக்கிறான். கொள்ளைக்காரன், சாமுராயின் மனைவி, ஆவியாக வரும் சாமுராய், மறைந்திருந்து பார்த்த விறகுவெட்டி என்று நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள். ஒளிப்பதிவாளர் கசுவோ மியாகவா, இலைகளின் ஊடே நேராகச் சூரியனையே பார்க்கும்படி கேமராவைத் திருப்பினார். கண்ணாடிகளை வைத்து வெயிலை நடிகர்களின் முகத்தில் அடித்தார். மழைக் காட்சியில் தண்ணீரில் கறுப்பு மை கலந்தார்கள், இல்லாவிட்டால் சாம்பல் நிற வானத்தில் மழை தெரியாது. இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது விசாரணை முற்றம். சாட்சிகள் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நம்மைப் பார்த்தபடி உட்கார்ந்து பேசுகிறார்கள். கேள்வி கேட்கும் நீதிபதி திரையில் வருவதே இல்லை. அவர் இருக்க வேண்டிய இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். கடைசிவரை தீர்ப்பும் இல்லை.

திரைப்பட விழா ஒன்றில் இதைப் பார்த்தவர்களில் ஒருவர் எஸ்.பாலசந்தர். பார்த்த வேகத்தில் இதே பாணியில் ஒரு நாடகம் எழுதி அகில இந்திய வானொலிக்குக் கொடுத்தார்; திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏவி.எம். கதையை எடுத்துக்கொண்டது. ஜாவர் சீதாராமன் வசனம் எழுத, 1954 ஏப்ரலில் 'அந்த நாள்' வெளியானது. துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் செத்து விழுகிறார், அதற்குப் பிறகுதான் படம். ஒரு பாட்டுகூடக் கிடையாது. தமிழில் அப்படி வந்த முதல் படம். அதை எடுத்தவர் வீணை வித்வான்!

பிமல் ராய் விடாததை பாலசந்தர் விட்டார். ஆனால் அவரும் ஓரிடத்தில் நின்றுவிட்டார். ஜப்பானியப் படத்தில் காலியாக இருந்த நீதிபதியின் இருக்கையில் இங்கே சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம் உட்கார்ந்திருக்கிறார், சீதாராமனே நடித்தார். அண்டைவீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என்று ஒவ்வொருவரும் சொல்வதை அவர் நமக்காகக் கேட்டு, நமக்காகச் சந்தேகப்பட்டு, கடைசியில் நமக்காகவே முடிச்சை அவிழ்க்கிறார். கொலையாளி தெரியாமல் கொட்டகையை விட்டு எழுந்து போகத் தமிழ்ப் பார்வையாளர் தயாரில்லை என்று நினைத்திருக்கலாம். அது தவறான கணிப்பும் அல்ல. கதை அமைப்பில் அந்தோனி அஸ்க்வித்தின் 'தி வுமன் இன் குவெஸ்சன்' (1950) என்ற ஆங்கிலப் படத்துக்கு இது இன்னும் நெருக்கம். இன்னொரு வேடிக்கை: ஜப்பானியப் படம் தந்த உந்துதலில் பிறந்த இந்தக் கதையின் களம் 1943இல் ஜப்பானியக் குண்டு விழுந்த சென்னை; செத்தவன் ஜப்பானுக்கு உளவு சொன்னவன்.

'அந்த நாள்' அன்று வசூலில் சோபிக்கவில்லை. பாட்டில்லாததைச் சனங்கள் மன்னிக்கவில்லை. தேசிய விருதுக் குழு தகுதிச் சான்றிதழ் தந்தது. ஆனாலும் அந்த வழியில் நடக்கத் தமிழ்த் தயாரிப்பாளர்கள் வெகுகாலம் துணியவில்லை. இரண்டாவது சர்வதேச விழாவோ 1961இல்தான் நடந்தது. இடையில் ஒன்பது ஆண்டுகள். ஊருக்கு ஊர் முளைத்த பிலிம் சொசைட்டிகள், 1959இல் சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து, அந்த இடைவெளியைத் தங்களால் முடிந்த மட்டும் நிரப்பின.