சாலைக்கு யார் பெயர்?

ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது என் மகன் கேட்டான்: "அம்மா, பலகையில ஒரு பேரு இருக்கு, டாக்சி அங்கிள் வேற பேரு சொல்றாரு. எதும்மா சரி?"

இரண்டும் சரிதான், பிள்ளைகளே. அபுதாபியில் நாம் 'ஏர்போர்ட் ரோடு' என்று சொல்வது, பலகையில் ஷேக் ரஷீத் பின் சயீத் சாலை. துபாயை ஆண்டவரின் பெயர் அது. 'முரூர் ரோடு' என்கிறோமே, முரூர் என்றால் அரபியில் போக்குவரத்து. போக்குவரத்துத் துறை அந்தச் சாலையில் இருந்ததால் மக்கள் வைத்த பெயர் அது. பலகைப் பெயர் மாறினாலும் நம் வாயில் பழைய பெயர்தான் வருகிறது.

2024 ஜூலையில் வந்த ஒரு செய்தி, செவிலியான என்னை நெகிழ வைத்தது. மஃப்ரக்கில் ஷேக் ஷக்பூத் மருத்துவ நகரம் அருகே உள்ள ஒரு சாலைக்கு டாக்டர் ஜார்ஜ் மேத்யூ பெயரைச் சூட்டினார்கள். கேரளத்தில் பிறந்தவர். அமெரிக்கா போக இருந்தவர், மிஷனரி நண்பர் ஒருவர் அல் ஐனைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு 1967இல் இங்கே வந்தார். அங்கே முதல் அரசு மருத்துவரானார். அவ்வூர் மக்கள் வாயில் மேத்யூ, 'மத்யூஸ்' ஆனார்.

அவருக்கு முன்பே, 1960இல், பாட் கென்னடி, மரியன் கென்னடி என்ற அமெரிக்க மருத்துவத் தம்பதியர் அல் ஐனுக்கு வந்தார்கள். ஷேக் சாயித் கொடுத்த மண் வீட்டில் ஒயாசிஸ் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அந்நாளில் அங்கே பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதி பிழைப்பதில்லை என்கிறார்கள். பிரசவ வார்டில் நின்றவர்களுக்கு அதன் வலி தெரியும். 'கென்னடி' என்பது மக்கள் வாயில் 'கனத்' ஆயிற்று. 2019இல் அந்த மருத்துவமனைக்கே கனத் மருத்துவமனை என்று பெயர் மாற்றினார்கள்.

வெளிநாட்டில் நான் செவிலியர் பயிற்சி பெற்ற நாட்களில் என் பெயரை யாரும் சரியாகச் சொன்னதில்லை. அப்போது வருத்தப்பட்டேன். மத்யூஸையும் கனத்தையும் அறிந்தபின் அந்த வருத்தம் போயிற்று. ஒரு ஊர் தன் நாவுக்கேற்ப நம் பெயரை மாற்றிக் கூப்பிடுகிறதென்றால், நம்மைத் தன் வீட்டாளாக எண்ணுகிறது.

நம் சபையில் ஓட்டுநர், கட்டடத் தொழிலாளி, செவிலியர், வீட்டுவேலை செய்யும் அக்காமார் என்று எத்தனையோ பேர். ஒருநாள் ஊர் திரும்புவோம். எல்லார் பெயரிலும் சாலை வராது. ஆகவே பிள்ளைகளே, இன்று வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மாவிடம் கேளுங்கள்: எந்த ஆண்டு வந்தீர்கள்? எந்தச் சாலையில் முதலில் குடியிருந்தீர்கள்? அதை அப்போது என்ன பெயரில் அழைத்தீர்கள்? ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டுவிழா மலருக்கு அது போதும்.