லயத்து அடுப்பில் மலாக்காவின் வாசனை

ரப்பர் மரத்தின் பால் வெயில் ஏறுமுன்தான் தாராளமாய் ஓடும். ஆதலால், 1896-ல் டான் சே யான் என்னும் சீனத் தனவந்தர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் வர்த்தக ரப்பர்த் தோட்டத்தை நிறுவியபின், மஸ்ஜித் தானா வட்டாரம் வரை பரவிய தோட்டங்களிலெல்லாம், இருட்டிலேயே பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நிற்க வேண்டிய தமிழ்த் தொழிலாளியின் நாள் லயம் என்னும் வரிசைக் குடியிருப்பின் அடுப்பில் கொதித்த ஒரு குவளைச் சூட்டோடுதான் துவங்கிற்று. சாதாரண நாளில் அது தேத்தண்ணி. மழையில் நனைந்தாலும் சளி கண்டாலும் சுக்குமல்லித் தண்ணி. எதில் எதைச் சேர்ப்பது என்று தீர்மானித்த வீட்டுப் பெண்ணின் ஞானம் சாமானியமானதன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

சுக்கை அவள் முதலில் ஒடித்துப் பார்ப்பாள். படக்கென்று முறிந்து, நார் குறைந்து, காரமாய் மணப்பதையே பொறுக்கி, புறத்தோல் ஆகாது என்னும் சித்த வைத்திய விதிப்படி மேல்தோலைச் சுரண்டி எறிந்து, இலேசாய் வறுத்து இடிப்பாள். மல்லி சுக்கைவிட மிகுதியாயிருக்க வேண்டும்; இல்லையேல் காரம் தொண்டையை அறுக்கும். மிளகும் திப்பிலியும் சளிக்கு, சீரகம் மந்தத்துக்கு, ஏலம் வாசனைக்கு. துளசியை மட்டும் கொதிக்க விடாமல், இறக்கும் சமயத்தில் போட்டு மூடிவைப்பாள். கொதித்தால் அதன் மணம் ஆவியோடு போய்விடும். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகம் என்ற பெயரை ஏட்டில் படித்தறியாதவளும், நாகப்பட்டினத்தில் கப்பலேறுகையில் அந்தச் சாஸ்திரத்தைக் கைப்பழக்கமாய்க் கொண்டுவந்தாள்.

புதிய மண் அதில் சிலவற்றை மாற்றிற்று. பனங்கருப்பட்டியின் ஸ்தானத்தில், தென்னம்பாளையைச் சீவி இறக்கிய நீரைக் காய்ச்சி மூங்கிற்குழாயில் வார்த்தெடுக்கும், இம்மாநிலத்தின் பெயரையே தாங்கிய குலா மலாக்கா வந்து நின்றது. மலாய்க்காரர் செராய் என்னும் எலுமிச்சைப் புல்லும் கொல்லையில் வேர்விட்டது. அதன் மணம் அடித்தண்டை நசுக்கினால்தான் இறங்கும்.

கிராம்பைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ரப்பருக்கு வெகுகாலம் முன், மலுக்குத் தீவுகளில் மட்டுமே அந்நாளில் விளைந்த கிராம்பும், பண்டாத் தீவுகளின் ஜாதிக்காயும் மலாக்காத் துறையில் வந்து குவிந்தன. சோழமண்டலக் கரையின் துணிகளைக் கொணர்ந்த தமிழ் வணிகர் அவற்றைப் பண்டமாற்றாய்ப் பெற்றனர். அந்த வர்த்தகத்தின் பொருட்டே 1511-ல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகர்க் இந்நகரைக் கைப்பற்றினான். நினா சாத்து என்னும் தமிழ் வணிகர் போர்த்துக்கீசியரின் கீழ்ப் பெண்டஹாரா என்னும் உயர் பதவியும் ஏற்றார். 1641-ல் டச்சுக்காரர் வந்தனர். இத்தனை இரத்தம் சிந்தவைத்த அந்தச் சரக்கு, தோட்டத்துப் பெண்ணின் அஞ்சறைப் பெட்டியில் இரண்டு மூன்றாய்க் கிடந்தது. காசு கொடுத்து வாங்கியதாதலால், பல்வலிக்கென்று ஒன்றை ஒதுக்கிவிட்டுத்தான் தேத்தண்ணிக்கு ஒன்றைத் தட்டிப் போட்டாள்.

ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது, லயங்களும் அருகிவிட்டன. கடைகளில் தே ஹாலியா என்று கேட்டால் இஞ்சித் தேநீர் தருகிறார்கள், நல்ல பானந்தான். ஆயினும் அது பச்சை இஞ்சி. வெயிலில் காய்ந்து ஒடுங்கிய சுக்கின் நிதானமான காரம் அதில் வராது. அது வேண்டுமென்கிறவர் இன்றைக்கும் வீட்டில்தான் தோல் சுரண்டி இடித்துக்கொள்ள வேண்டும்.