கெய்ட்லின் கிளார்க் (கல்லூரிக் கூடைப்பந்து)

கெய்ட்லின் கிளார்க் (பிறப்பு: 22 ஜனவரி 2002, டி மொயின், அயோவா) அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை. 2020 முதல் 2024 வரை அயோவா பல்கலைக்கழக அணியில் கார்டாக (பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துபவராக) ஆடி, 139 ஆட்டங்களில் 3,951 புள்ளிகள் எடுத்தார். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில், ஆண்களையும் சேர்த்துப் பார்த்தாலும், இதைவிட அதிகப் புள்ளிகள் எடுத்தவர் இல்லை. சராசரி ஆட்டத்துக்கு 28.4. அதோடு 1,144 அசிஸ்ட்களும் (சக வீராங்கனை புள்ளி எடுக்க வழிசெய்த பாஸ்கள்) அவர் கணக்கில் உள்ளன.

அயோவாவில் ‘கார்டு’

கார்டு என்ற சொல்லுக்கு அயோவாவில் தனி வரலாறு உண்டு. அம்மாநிலத்தின் பள்ளிப் பெண்கள் பல பத்தாண்டுகள் ஆடியது அணிக்கு அறுவர் கொண்ட கூடைப்பந்து. ஆடுகளம் நடுக்கோட்டால் இரண்டாகப் பிரியும். மூன்று ஃபார்வர்டுகள் ஒரு பாதியில் நின்று புள்ளி எடுப்பார்கள். மூன்று கார்டுகள் மறுபாதியில் எதிரணியைத் தடுப்பார்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. பந்தை இரண்டு முறைக்கு மேல் தரையில் தட்டவும் கூடாது. ஆகவே கார்டாக ஆடிய பெண், பள்ளிக் காலம் முழுவதும் ஆடினாலும், ஆட்டத்தில் ஒரு முறைகூடக் கூடையை நோக்கி எறிந்திருக்க மாட்டார்.

சிற்றூர்களில் இந்த ஆட்டத்துக்குத் திருவிழாக் கூட்டம் கூடியது. 1968 மாநில இறுதிப் போட்டியில் டெனிஸ் லாங் 64 புள்ளிகளும், எதிரணியின் ஜெனட் ஓல்சன் 76 புள்ளிகளும் எடுத்தார்கள். லாங்கின் அணி கூடுதல் நேரத்தில் வென்றது. அறுவர் ஆட்டத்தின் கடைசி மாநிலப் போட்டி 1993இல் நடந்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் கிளார்க்.

கல்லூரிக்கு முன்

வெஸ்ட் டி மொயினில் உள்ள டவ்லிங் கத்தோலிக்கப் பள்ளியில் படித்தார். 2019இல் 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணியில் இருந்தார். அதே ஆண்டு நவம்பரில், புகழ்பெற்ற நோட்ர டேம் பல்கலைக்கழகத்தைத் தவிர்த்து, சொந்த மாநிலத்தின் அயோவா அணியைத் தேர்ந்தெடுத்தார். அங்கே தலைமைப் பயிற்சியாளர் லிசா புளூடர். அவருடைய துணைப் பயிற்சியாளர் ஜான் ஜென்சன், அறுவர் ஆட்டத்தில் ஃபார்வர்டாகப் பெயர் பெற்றவர்.

முதல் இரு ஆண்டுகள் (2020–22)

கொரோனாக் காலத்தின் முதல் பருவத்திலேயே 26.6 சராசரியுடன் நாட்டின் முதலிடத்தைப் பிடித்தார். அடுத்த பருவத்தில் சராசரி 27 புள்ளி, 8 அசிஸ்ட். புள்ளியிலும் அசிஸ்டிலும் ஒரே பருவத்தில் முதல் பிரிவின் முதலிடம் பெற்ற முதல் பெண் அவரே. தேசியப் போட்டியில் மட்டும் அணி அவ்வளவு தூரம் போகவில்லை. 2022இல் சொந்த மைதானத்தில், இரண்டாம் சுற்றில், கிரைட்டன் அணியிடம் 62–64 எனத் தோற்று வெளியேறியது.

இரு இறுதிப் போட்டிகள் (2022–24)

2023 தேசியப் போட்டியின் காலிறுதியில் லூயிவில் அணிக்கு எதிராக 41 புள்ளி, 12 அசிஸ்ட், 10 ரீபவுண்டு எடுத்தார். அப்போட்டியின் வரலாற்றில் 40 புள்ளிகளுடன் அமைந்த முதல் டிரிபிள் டபிள் (மூன்று கணக்குகளிலும் இரட்டை இலக்கம்) அது. அரையிறுதியில் மறுபடியும் 41 புள்ளிகள். அதுவரை 42 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றிருந்த தென் கரோலினா வீழ்ந்தது. இறுதியில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 102–85 என வென்றது.

அந்த ஆண்டு அக்டோபரில், அயோவாவின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் நடுவே பலகைத் தரை போட்டு ஒரு காட்சி ஆட்டம் நடத்தினார்கள். வந்தவர்கள் 55,646 பேர்.

கடைசிப் பருவத்தில் அவர் சராசரி 31.6. காலிறுதியில் லூசியானாவை 94–87 என வீழ்த்தி அயோவா கணக்கைத் தீர்த்தது. இறுதியில் தென் கரோலினா 87–75 என வென்றது. கிளார்க் 30 புள்ளிகள் எடுத்தும் தேசியக் கோப்பை கைக்கு வரவில்லை. அந்த இறுதியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேல். அமெரிக்காவில் பெண்கள் இறுதிப் போட்டி ஆண்கள் இறுதியைவிட அதிகப் பார்வையாளர்களைப் பெற்றது அதுவே முதல் முறை.

சாதனைப் பட்டியல்

2024 பிப்ரவரி 15 அன்று மிச்சிகன் அணிக்கு எதிராகக் களமிறங்கியபோது, பெண்கள் பிரிவின் சாதனையாக இருந்த கெல்சி பிளம்மின் 3,527 புள்ளிகளைத் தாண்ட அவருக்கு 8 புள்ளிகள் தேவைப்பட்டன. முதலில் கூடையடியில் இரண்டு. அடுத்து ஒரு மூன்று. பிறகு பந்தைத் தட்டிக்கொண்டு வேகமாக வந்தவர், ஆடுகளத்தின் மையத்தில் வரைந்துள்ள பருந்துச் சின்னத்தின் இடப்புறம் சட்டென நின்று எறிந்தார். கூடைக்கு ஏறத்தாழ 33 அடி. பந்து வலையில் விழுந்தபோது ஆட்டம் தொடங்கி 2 நிமிடம் 12 விநாடிதான் ஆகியிருந்தது. அன்று அவர் எடுத்தது 49 புள்ளிகள்.

பிப்ரவரி 28இல் லினெட் உட்டர்டின் 3,649ஐத் தாண்டினார். உட்டர்டு கான்சஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய 1977–81 காலத்தில் பெண்கள் போட்டிகளை வேறு அமைப்பு நடத்தியதால், அந்த எண் இன்றைய தேசிய அமைப்பின் பட்டியலில் இடம்பெறவில்லை. மார்ச் 3இல், ஒஹாயோ மாநில அணிக்கு எதிராக முதல் பாதி முடியும் தறுவாயில் போட்ட ஃப்ரீ த்ரோக்களால் ஆண்கள் பிரிவின் சாதனையான பீட் மராவிச்சின் 3,667ஐக் கடந்தார். மராவிச்சின் எண்ணையும் கிளார்க்கின் எண்ணையும் ஒரே தராசில் வைப்பது சரியாகாது. மராவிச் ஆடியது மூன்றே பருவம், 83 ஆட்டம். மூன்று புள்ளிக் கோடு அப்போது இல்லை. கிளார்க்கோ 548 மூன்று புள்ளிகளைப் போட்டவர்.

ஆட்டமுறை

மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து சுமார் 22 அடியில் இருக்கிறது. கிளார்க் அதற்கும் பல அடி பின்னாலிருந்தே எறிவார் என்பதால், தடுப்பவர்கள் நடுக்கோட்டருகே வந்து அவரை மறிக்க நேர்ந்தது. அப்படி வந்தால் அவர்களுக்குப் பின்னால் கூடையடி காலியாகும். அந்த இடத்துக்கு, மோனிகா சினானோ போன்ற உயரமான ஆட்டக்காரரின் கைக்கு, நீண்ட பாஸ் போய்ச் சேரும். எறிதலும் அசிஸ்டும் இப்படி ஒன்றையொன்று வளர்த்தன. துணிந்து அனுப்பும் பாஸ்களால் பந்தைப் பறிகொடுத்ததும் அதிகம்.

பின்னர்

2024 ஏப்ரலில் தொழில்முறை லீகின் தேர்வில் முதலாவதாக இண்டியானா ஃபீவர் அணிக்குச் சென்று, அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீராங்கனை ஆனார். புளூடர் ஓய்வு பெற, ஜென்சன் தலைமைப் பயிற்சியாளரானார். 2025 பிப்ரவரி 2 அன்று, கிளார்க்கின் 22ஆம் எண்ணை இனி யாரும் அணிவதில்லை என அயோவா அறிவித்துச் சிறப்பித்தது. ஃபார்வர்டு மட்டுமே எறியலாம் என்றிருந்த மாநிலத்தில் அரங்கின் உச்சியில் இப்போது தொங்குவது ஒரு கார்டின் எண்.